கையெழுத்து எங்கே விழ வேண்டும்: ஸ்ரீதரன் நிறுவனங்களை நடத்திய விதம்

'மெட்ரோ மேன்' ஸ்ரீதரன் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது மூன்றுதான். நேர்மையானவர், கறாரானவர், சொன்ன தேதியில் முடிப்பவர். மூன்றும் உண்மை. ஆனால் நேர்மையும் கறாரும் உள்ள பொறியாளர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பொறுப்பில் இருந்த பாலங்களும் பத்து வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கின்றன. நல்ல குணம் மட்டும் போதுமென்றால் அப்படி நடந்திருக்கக் கூடாது. டெல்லி மெட்ரோவை 14 ஆண்டுகள் நிர்வாக இயக்குநராக நடத்திய இந்த சிவில் இன்ஜினியர் அதற்கு மேலும் ஏதோ செய்திருக்கிறார்.

எனக்குப் புரிந்தவரை, அவர் கட்டியவற்றில் முக்கியமானது அலுவலகம். ஒரு பாலத்தின் பாரம் எந்தத் தூணில் எவ்வளவு இறங்க வேண்டும் என்று பிரிப்பதுபோல, எந்த முடிவை யார், எந்த இடத்தில் இருந்து, எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று பிரித்துவைத்தார். தாமதத்தையும் சிமென்ட், கம்பி மாதிரி ஒரு செலவாகவே எழுதினார். அவரிடமிருந்து கற்க ஏதாவது உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். அவருடைய அதிகாலை எழுச்சியும் யோகாவும் கீதை வாசிப்பும் அவருக்குப் பலம் கொடுத்திருக்கும், சந்தேகமில்லை. அவற்றைப் பின்பற்றினால் பாலம் எழும்பிவிடாது.

கதை பாம்பனில் தொடங்குகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்கு, தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள பகுதிகளான கண்கள் நூற்று நாற்பதுக்கும் மேல். கப்பல் போக நடுவில் திறந்து மூடும் தூக்குப் பகுதி தப்பித்தது. மற்ற கண்களில் பெரும்பாலானவற்றின் கர்டர்களை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களை, அலை தூக்கி எறிந்துவிட்டது. ராமேஸ்வரம் தீவுக்கு அப்போது சாலைப் பாலம் கிடையாது. ரயில் இல்லையென்றால் படகுதான்.

சீரமைக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. தென்னக ரயில்வேயின் மேலதிகாரி அதை மூன்று மாதமாக வெட்டினார். பொறுப்பு 32 வயது ஸ்ரீதரனிடம் வந்தது. அத்தனை கர்டர்களுக்கு எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. புதிதாகச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். நாட்டின் வேறு மூலைகளிலிருந்து கொண்டுவந்தாலும் நாள் பிடிக்கும். அந்த நேரத்தில் மீனவர்கள் ஒரு சேதி சொன்னார்கள். போன கர்டர்கள் தொலைந்துவிடவில்லை, பாலத்தைவிட்டுத் தள்ளிக் கடலுக்கடியில் கிடக்கின்றன என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அலுவலக வழக்கப்படி பார்த்தால் அது ஒரு வதந்தி. அதைக் கோப்பில் ஏற்ற முடியாது. ஸ்ரீதரன் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். போய்ப் பார்த்து, அவை மறுபடி பயன்படும் என்று தெரிந்ததும் திட்டத்தையே மாற்றினார். கடலடியிலிருந்து கர்டரைத் தூக்குவது, மிதவையில் ஏற்றித் தூணுக்குக் கொண்டுவருவது, தூணின் தலையில் உட்கார வைப்பது, அப்புறம் அடுத்தது. முதல் சில கர்டர்களுக்கு ஆன நேரம் அப்புறம் ஆகவில்லை, ஏனென்றால் ஆட்களுக்குக் கை பழகிவிட்டது. 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது.

மூன்று மாதத்தை 46 நாளாக்கியது வேகம் என்று சொல்வது வழக்கம். வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், திட்டத்தை மாற்றும் முடிவு பாம்பனிலேயே எடுக்கப்பட்டது. மீனவர் சொன்ன சேதி சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய், ஒரு கமிட்டி வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அந்த 46 நாளும் அதற்கே சரியாகப் போயிருக்கும். இரும்பைக் கடல் தின்னத் தொடங்கியிருக்கும்.

ஸ்ரீதரன் பிறந்தது 1932இல், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியில், பாலக்காட்டுப் பக்கம். பிற்காலத்தில் தலைமைத் தேர்தல் ஆணையராகிப் பெயர்பெற்ற டி.என். சேஷன் பள்ளியில் உடன் படித்தவர். காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு, கொஞ்ச நாள் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்து, 1954 கடைசியில் தென்னக ரயில்வேயில் சேர்ந்தார். ரயில்வேயில் ஒரு நல்ல இன்ஜினியருக்கு இருக்கும் வழக்கமான பாதைதான் அது. 1970இல் கொல்கத்தாவுக்குப் போனதும் பாதை மாறியது.

இந்தியாவின் முதல் மெட்ரோவுக்கான திட்டமிடலும் வடிவமைப்பும் அங்கே அவர் பொறுப்பில் இருந்தன. 1972 கடைசியில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். முதல் ரயில் ஓடியது 1984இல், அதுவும் மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்கு. டம்டம் முதல் டோலிகஞ்ச் வரை முழுப் பாதையும், பதினாறு கிலோமீட்டர் சொச்சம், முடிந்தது 1995இல். நடுவில் 23 ஆண்டுகள். கொல்கத்தாவில் ஒரு தலைமுறை தோண்டிப்போட்ட தெருவைத் தாண்டியே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தது. ஸ்ரீதரன் 1975வாக்கிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

கொல்கத்தாவில் இருந்தவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை. களிமண்ணும் நீர்மட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில் சுரங்கம் கட்டிக் காட்டியவர்கள் அவர்கள். ஆனால் பணம் வருஷா வருஷம் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்களோ அவ்வளவுதான் வரும். பூமிக்கடியில் போகும் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை, தனித்தனி அனுமதி. ஒரு நாள் வேலை நின்றால் அதனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்த மேசையிலும் எழுதியிருக்காது. நஷ்டம் இருந்தது, மக்கள் தலையில் இருந்தது. அதற்குக் கணக்குப் பதிவேடு கிடையாது.

1990இல் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்றவரை, ரயில்வே அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் கொங்கண் ரயில்வேக்குத் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் கொண்டுவந்தார். மும்பைக்குத் தெற்கே ரோஹாவிலிருந்து மங்களூர் வரை 740 கிலோமீட்டருக்கு நெருக்கமான பாதை. தொண்ணூற்றுச் சொச்சம் சுரங்கங்கள், சிறிதும் பெரிதுமாக ஏறக்குறைய இரண்டாயிரம் பாலங்கள். ரத்னகிரி பக்கம் பன்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிற்கும் பாலத்தின் உயரம் 64 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் நடுவில் இப்படியொரு பாதை வேண்டும் என்ற பேச்சு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இருந்தது. யாரும் தொடவில்லை.

இங்கே மூன்று ஏற்பாடுகள் செய்தார்கள். அவைதான் அவருடைய நிர்வாகத்தின் முதல் வரைபடம்.

ஒன்று, இது ரயில்வேயின் துறையாக இல்லாமல் ஒரு கம்பெனியாக அமைந்தது. மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்துக்கு 51 சதவீதம். மகாராஷ்டிராவுக்கு 22, கர்நாடகத்துக்கு 15, கேரளத்துக்கும் கோவாவுக்கும் தலா 6. மாநிலங்கள் பணம் போட்டிருப்பதால் நிலம் எடுப்பதில் அவர்களுக்கும் அக்கறை வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து நிலம் வாங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மீதிப் பணத்தைக் கடன்பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் திரட்டினார்கள். கடன் பணத்துக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். கொல்கத்தாவில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தாமதத்தின் விலை இங்கே ரூபாயாகக் கணக்கில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு, முழுப் பாதையை ஏழு பிரிவாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பொறியாளரை அந்தந்த இடத்திலேயே உட்கார வைத்தார்கள். ரத்னகிரியில் இருக்கும் பாறைக்கும் கோவாவில் இருக்கும் சேற்றுமண்ணுக்கும் ஒரே உத்தரவு பொருந்தாது. அதனால் உத்தரவு போடும் கையும் அங்கேயே இருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒப்பந்ததாரர் பில் கொடுத்தால் ஓரிரு நாளில் அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவது. சரிபார்ப்பு பிறகு நடக்கும், மீதித் தொகையும் பிறகு போகும். கேட்பதற்கு இது ஒரு கணக்குப்பிரிவு விஷயம்போல் இருக்கும். தளத்தில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். நான் இளவயதில் ஒரு சின்னப் பாலவேலையில் மேற்பார்வைக்கு இருந்தேன். அஸ்திவாரம் முடிந்த பில், துறை அலுவலகத்தில் ஏழு மாதம் தூங்கியது. முதல் மாதம் காண்டிராக்டர் கைக்காசைப் போட்டுக் கூலி கொடுத்தார். இரண்டாம் மாதம் நகையை அடகு வைத்தார். மூன்றாம் மாதம் கம்பி கட்டுகிறவர்கள் வேறு சைட்டுக்குப் போனார்கள். அடுத்து சென்ட்ரிங் ஆட்கள் பலகையோடு கிளம்பினார்கள். பணம் வந்தபோது கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி முழுக்கத் துரு. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஆள் தேடியதில் இன்னும் ஒரு மாதம். யாரும் லஞ்சம் கேட்கவில்லை. யாரும் தப்பு செய்யவில்லை. ஒரு கையெழுத்து தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் பில்லை உடனே கொடுக்கிற வழக்கத்தை ஒரு பொறியாளரின் முடிவாகப் பார்க்கிறேன். பணம் சீராக ஓடினால் ஆட்கள் நிற்பார்கள், ஆட்கள் நின்றால் கை பழகும், கை பழகினால் தரமும் வேகமும் சேர்ந்து வரும். பாம்பனில் கர்டர் தூக்கியபோது பார்த்த அதே கணக்கு.

அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட இறங்குமுகக் கடிகாரமும் கொங்கணில்தான் வந்தது. அலுவலகங்களிலும் தளங்களிலும் மின்பலகை வைத்து, இன்னும் எத்தனை நாள் மீதம் என்று தினமும் ஓர் எண் குறைந்துகொண்டே வரும். கடைநிலை ஊழியரும் நிர்வாக இயக்குநரும் பார்ப்பது ஒரே எண்ணை. பிற்பாடு டெல்லியிலும் இதே பலகை. இன்றைக்குப் பல கம்பெனிகள் இப்படிப் பலகை மாட்டுகின்றன. பில்லும் அதிகாரமும் பழைய இடத்திலேயே இருந்தால் அந்தப் பலகை ஊழியரை மிரட்டத்தான் உதவும்.

கொங்கண் கதையை ரொம்ப மெழுகவும் கூடாது. ஐந்து ஆண்டு என்று கிளம்பிய வேலை ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. 1998 ஜனவரி 26 அன்றுதான் முழுப் பாதை திறந்தது. செலவும் முதல் மதிப்பீட்டைவிட வெகுவாக ஏறியது. கோவாவில் பாதை எந்த வழியாகப் போவது என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, விசாரணைக் கமிஷன் அமைத்து, மாதக்கணக்கில் வேலை நின்றது. மண் சரிந்து விழும் ஒன்பது மென்மண் சுரங்கங்களில் இயந்திரம் பயன்படவில்லை, கையாலேயே தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் மறுபடி நிரப்பியது. கட்டுமானத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் போனது. 'ஸ்ரீதரன் என்றால் முன்கூட்டியே முடிப்பார்' என்ற வாசகத்தில் இந்த மென்மண் சுரங்கங்களுக்கு இடமில்லாமல் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மண்ணுக்கு நம் கடிகாரம் தெரியாது.

1997 நவம்பரில் டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு 65 வயது. கம்பெனி 1995லேயே பதிவாகியிருந்தது. மத்திய அரசுக்கும் டெல்லி அரசுக்கும் சரிபாதிப் பங்கு. கேட்க நல்லதாகத் தோன்றினாலும், இரண்டு எஜமானர்கள் என்றால் இரண்டு பக்கமும் கோப்பு போகும் என்றுதான் அர்த்தம். பணியாட்களைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் தலையிடக் கூடாது, டெண்டர் முடிவுகள் கம்பெனிக்குள்ளேயே முடிய வேண்டும் என்பதில் அவர் ஆரம்பத்திலேயே உறுதியாக நின்றார். கொடுத்தார்கள். டெல்லி மெட்ரோவின் வெற்றியில் பாதி, வேலை தொடங்கும் முன்பே, இந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கியதில் இருக்கிறது. பெரும்பாலான அதிகாரிகள் பதவியைக் கேட்பார்கள். அதைச் செய்யத் தேவையான அதிகாரத்தைக் கேட்க மாட்டார்கள். பிறகு பத்து வருஷம் காரணம் சொல்வார்கள்.

ஆட்கள் குறைவாக வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை தோறும் துறைத்தலைவர்கள் கூடுவார்கள். சிக்கல் எதுவோ அது அங்கேயே பேசி முடியும், முடிவு எடுத்தபிறகு கோப்பு பின்னால் வரும். நம் அலுவலகங்களில் நடப்பதற்கு நேர் தலைகீழ். இங்கே கோப்பு முதலில் கிளம்பும், முடிவு எப்போதாவது வந்து சேரும். அனுபவமுள்ள வெளிநாட்டு ஆலோசகர்களையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ஹாங்காங் மெட்ரோவுக்கு ஆட்களை அனுப்பிப் பழக்கினார்கள். நமக்குத் தெரியாததை நமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ரயில்பெட்டியை முதலில் கொரியாவிலிருந்து வாங்கி, அப்புறம் பெங்களூரு பெமல் நிறுவனத்திலேயே செய்யும்படி ஒப்பந்தத்தில் எழுதியதும் இதே வழிதான்.

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம், பற்றிய சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்தில் பெரும்பாலான மெட்ரோக்கள் ஓடுவது 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்டாண்டர்ட் கேஜில். பெட்டி, உதிரிப்பாகம், புதுத் தொழில்நுட்பம் எல்லாம் அதற்கே சுலபமாகக் கிடைக்கும். ஸ்ரீதரன் அதைத்தான் கேட்டார். ரயில்வே 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதைதான் வேண்டும் என்றது. அமைச்சர்கள் மட்டத்துக்குப் போன அந்த வாதத்தில் அவர் தோற்றார்.

தோற்றபிறகு என்ன செய்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. அவர் ராஜினாமா செய்யவில்லை, வேலையை மெதுவாக்கவும் இல்லை. 'நான் அப்போதே சொன்னேன்' என்று காட்டுவதற்காக அரைமனதோடு கட்டவும் இல்லை. முதல் கட்டம் முழுக்க அகலப்பாதையிலேயே கட்டி, குறித்த காலத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்பே 65 கிலோமீட்டரை முடித்தார். அந்த வெற்றியின் பலத்தோடு மறுபடி அதே கேள்வியை எழுப்பினார். இரண்டாம் கட்டத்தில் 2010இல் திறந்த புதுத் தடங்கள் ஸ்டாண்டர்ட் கேஜில் வந்தன. சென்னை மெட்ரோவுக்கான விரிவான திட்ட அறிக்கையை எழுதியது டெல்லி மெட்ரோதான். இங்கே நாம் போகிற பாதையும் ஸ்டாண்டர்ட் கேஜ்தான். வாதத்தில் தோற்பதும் வேலையில் தோற்பதும் வேறு வேறு என்று ஒரு தலைவர் நடந்து காட்டினால் கீழே இருக்கிறவர்கள் பயப்படாமல் மாற்றுக்கருத்து சொல்வார்கள்.

முதல் தடம், ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை எட்டு கிலோமீட்டர் சொச்சம், 2002 டிசம்பர் 24 அன்று பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்ததும் லட்சக்கணக்கில் ஜனம் வந்து குவிந்தது. தானியங்கிக் கதவுகளும் பயணச்சீட்டு முறையும் தாங்கவில்லை. கடைசியில் காகித டிக்கெட் கொடுத்துச் சமாளித்தார்கள். அவசரமில்லாதவர்கள் சில நாள் கழித்து வாருங்கள் என்று மெட்ரோ நிர்வாகமே மக்களைக் கேட்டுக்கொண்டது. திருவிழாக் கூட்டம்போல் குடும்பத்தோடு வந்து ரயிலைத் தொட்டுப் பார்த்துப் போனார்கள். தாமதத்தை நிமிடத்தில் எண்ணி, ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்தினாலே பிந்தியதாகப் பதிவு செய்கிற வழக்கம் இந்த நாட்டிலும் சாத்தியம் என்பதை அந்த ஜனம் முதல் தடவையாகப் பார்த்தது.

எண்களைப் படிக்கத் தெரிந்த தலைவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஹைதராபாத் ஓர் உதாரணம். 2008இல் அந்த ஊர் மெட்ரோவுக்குத் தனியார் டெண்டர் விட்டபோது, மேட்டாஸ் என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான குழுமம் அரசிடம் மானியம் எதுவும் வேண்டாம், நாங்களே அரசுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல் தருகிறோம் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்ரீதரன் திட்டக் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார். பயணச்சீட்டுக் காசில் மெட்ரோ தன் முதலீட்டைத் திருப்பி எடுப்பதே அபூர்வம். இதில் அரசுக்கும் பணம் தருகிறேன் என்றால், பாதையைத் தங்கள் நிலங்கள் இருக்கும் பக்கம் இழுக்கும் நோக்கம் இருக்கலாம் என்று எச்சரித்தார். மாநில அரசு கொதித்தது, அவதூறு வழக்குப் போடுவோம் என்றது. அவர் பின்வாங்கவில்லை. 2009 ஜனவரியில், மேட்டாஸை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ராமலிங்க ராஜு தன் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் செய்த கணக்கு மோசடி வெளிவந்தது. அதே ஆண்டு ஒப்பந்தம் ரத்தானது. தனக்குச் சம்பந்தமில்லாத ஊரின் கணக்கில் அவர் தலையிட்டார் என்று அப்போது பேசினார்கள். தூணே இல்லாமல் பாலம் நிற்கும் என்று ஒருவர் வரைபடம் நீட்டினால் எந்தப் பொறியாளரும் வாய் திறக்கத்தான் செய்வார்.

2009 ஜூலை 12 அதிகாலை, தெற்கு டெல்லி ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத் தடம் இடிந்து விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். அன்றைக்கே ஸ்ரீதரன் செய்தியாளர்களைச் சந்தித்து, தார்மீகப் பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்வதாக அறிவித்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. மறுநாள் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். அதே நாள், இடிபாட்டை அகற்றும்போது கிரேன்கள் சாய்ந்து மறுபடியும் சிலர் காயப்பட்டார்கள்.

அந்த ராஜினாமாவைப் பலரும் பெருந்தன்மையாகப் பார்க்கிறார்கள். அதிகாரத்தைக் கேட்டு வாங்கியவருக்கு அது கடமை என்று நினைக்கிறேன், அதை அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்றும் தோன்றுகிறது. முடிவெல்லாம் எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று சொன்ன நிறுவனம், விபத்து நடந்ததும் காண்டிராக்டரைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் ராஜினாமாவோடு விஷயம் முடிந்துவிடாது. இடிந்த அந்தத் தூணில் மாதங்களுக்கு முன்பே விரிசல் தெரிந்திருந்தது. சரிசெய்து வேலையைத் தொடர்ந்திருந்தார்கள். விசாரணையில் வடிவமைப்பிலும் கான்கிரீட்டின் தரத்திலும் குறை இருந்தது என்று வந்தது. 2010 அக்டோபரில் காமன்வெல்த் போட்டி, அதற்குள் தடங்கள் ஓட வேண்டும் என்ற நெருக்கடி எல்லோர் தலைமேலும் இருந்த காலம் அது. விரிசலைப் பார்த்த ஒரு தளப் பொறியாளர், பலகையில் குறைந்துகொண்டே வரும் எண்ணையும் பார்க்கிறார். 'வேலையை நிறுத்துங்கள்' என்று சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? தாமதத்தின் விலையைப் பெரிதாக எழுதிவைக்கிற நிறுவனம், நிறுத்தும் அதிகாரத்தையும் அதே அளவு பெரிதாக எழுதிவைக்க வேண்டும். இறங்குமுகக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஜம்ருத்பூரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்படையான மாற்றுக்கருத்தும் உண்டு. அத்தனை பணத்தில் பேருந்துகளை இன்னும் அதிகம் பேருக்கு ஓட்டலாமே என்று டெல்லி ஐஐடியின் தினேஷ் மோகன் போன்றவர்கள் விடாமல் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஒரு வேலையை எப்படி முடிப்பது என்பதில் ஸ்ரீதரனின் நிர்வாகம் வல்லது. எந்த வேலையை எடுப்பது என்ற கேள்விக்கு விடை அவர் அலுவலகத்துக்கு வெளியே, மக்களிடமும் அரசியலிலும் இருக்கிறது. 2021இல் அவரே பாலக்காட்டில் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அங்கே டெண்டர் இல்லை, தேதி குறிக்க முடியாது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எதிரில் இருப்பவர் கையில்.

அதே 2021 மார்ச்சில் கொச்சியில் இன்னொன்று நடந்தது. பாலாரிவட்டம் மேம்பாலம் 2016இல் திறந்து மூன்றாண்டுக்குள் விரிசல்விட்டு மூடப்பட்டது. சென்னை ஐஐடி நிபுணர்களும் வந்து பார்த்தார்கள். மேல்பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார் ஸ்ரீதரன். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2020 செப்டம்பரில் அனுமதி வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே வேலை தொடங்கியது, மார்ச் 7 அன்று வண்டிகள் ஓடின. ஐந்து மாதம் சொச்சம். கொச்சியில் முன்பு கட்டிய மேம்பாலங்களில் மதிப்பீட்டுக்கும் குறைவாகச் செலவழித்து மிச்சம் வைத்திருந்த பணத்தை இதற்குப் பயன்படுத்துவதாகச் சொல்லித்தான் டெல்லி மெட்ரோ இந்தப் பொறுப்பை ஏற்றது. அப்போது அவருக்கு வயது 88.

டெல்லியில் அவர் 2011 டிசம்பர் 31 அன்று விடைபெற்றார். அடுத்து வந்த மங்கு சிங் ஆரம்பக் காலத்திலிருந்தே அந்த நிறுவனத்துக்குள் வளர்ந்த பொறியாளர். பலகை, கூட்டம், பில் வழக்கம் எதுவும் மாறவில்லை. மூன்றாம் கட்டத்தை 2016இல் முடிப்பதாகத் திட்டம். நகரத்தைச் சுற்றிவரும் இளஞ்சிவப்புத் தடம் ஏறக்குறைய முழுக்கத் தயாராகியும், திரிலோக்புரியில் வீடு இழப்பவர்களின் மறுவாழ்வு முடிவாகாததால் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு நடுவில் அறுந்தே கிடந்தது. அந்தக் கையெழுத்து மெட்ரோ அலுவலகத்தில் போடக்கூடியது இல்லை. இடைவெளி மூடி ரயில் ஓடியது 2021 ஆகஸ்ட் 6 அன்று.